வட்டம் இல்லாத வட்டப்பாதை

ஆங்கிலத்தில் வரும் அறிவியல் செய்திகளைத் தமிழில் எழுதுவது என் தொழில். அதில் நான் செய்த ஒரு தவறையும், தவறு என்று தெரிந்த பிறகும் அதை மூடி மறைத்ததையும் வாசகர்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

சந்திரயான்-3 பயணத்தின்போது ஒரு வார இதழில் தொடர் எழுதினேன். கையில் இருந்த ஆங்கிலக் குறிப்புகளில் ஆர்பிட், டிராஜெக்டரி, பாத், கோர்ஸ், டிராக் என்று ஐந்து சொற்கள் மாறி மாறி வந்தன. அகராதியில் ஐந்துக்கும் 'பாதை' என்ற பொருள் இருந்ததால், ஐந்தும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் நடை சலிக்கும் என்று ஒரு பத்தியில் வட்டப்பாதை, அடுத்ததில் எறிபாதை, பிறகு தடம், மார்க்கம் என்று எழுதிக்கொண்டே போனேன். நடை நன்றாக ஓடுகிறது என்று நண்பர்கள் சொன்னபோது பெருமைப்பட்டேன்.

தொடர் வந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு கிராமப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை கடிதம் எழுதினார். வகுப்பில் என் கட்டுரையை வாசித்துக் காட்டியிருக்கிறார். 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்ட கலம் முதலில் தரையிலிருந்து குறைந்தது 170 கிலோமீட்டர், கூடினால் 36,500 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றியது என்று அதில் இருந்தது. "வட்டம் என்றால் எல்லாப் பக்கமும் ஒரே தூரம்தானே, இது எப்படி வட்டப்பாதை ஆகும்?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாளாம். "பிள்ளைக்கு என்ன சொல்லட்டும் ஐயா?" என்று கடிதம் முடிந்திருந்தது.

நான் பதில் எழுதவில்லை. தொடர் புத்தகமானபோது மெய்ப்பு என் மேசைக்குத்தான் வந்தது. வட்டப்பாதை என்ற சொல் கண்ணில் பட்டது, கடிதமும் நினைவுக்கு வந்தது. திருத்தவில்லை. நேரம் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். அந்தச் சொல்லைத் திருத்தப் போனால், கலம் எப்படிப் போகிறது என்பதே எனக்குச் சரியாகப் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். இன்னொன்றும் செய்தேன். கூட்டங்களில் பேசும்போது, இந்த நுட்பங்களுக்கெல்லாம் தமிழில் சொல் கிடையாது என்று சொல்லிவந்தேன். என் சோம்பலுக்கு மொழியைப் பழி சொன்னேன். செய்தவற்றில் இதுதான் பெரிய குற்றம்.

பிறகு உட்கார்ந்து படித்தேன். டிராஜெக்டரி என்பதன் லத்தீன் வேர் குறுக்கே எறிதலைக் குறிக்கிறது. எறிந்த பொருளை, எறிந்த வேகமும் அதன்மேல் செயல்படும் விசைகளும் சேர்ந்து இழுத்துப்போகிற வழி அது. திரும்பி வரவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஆர்பிட் என்பதன் லத்தீன் மூலம் வண்டிச் சக்கரம் மண்ணில் பதித்த தடம். சக்கரம் அதே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடுவதுபோல, ஒன்றைச் சுற்றி மீண்டும் மீண்டும் வருவது ஆர்பிட். கோள்களின் பாதை வட்டம் அல்ல, நீள்வட்டம் என்பதை கெப்ளர் 1609-லேயே எழுதிவிட்டார்.

இரண்டு சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு விளங்கவைத்தது வால்நட்சத்திரங்களின் கதை. 1687-ல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் நியூட்டன் வால்நட்சத்திரம் போகும் வழியைக் கணக்கிட்டபோது டிராஜெக்டரி என்ற சொல்லைத்தான் ஆண்டார். கணக்குக்குப் பரவளையத்தை எடுத்துக்கொண்டார். பரவளையத்தில் போனது திரும்பாது. பின்னர் வானியலாளர் ஹாலி 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தவற்றின் பாதைகளை ஒப்பிட்டுப் பார்த்து, மூன்றும் ஒரே வால்நட்சத்திரம்தான் என்றார். மீண்டும் 1758-ல் வரும் என்றார். அவர் இறந்த பிறகு, அவர் சொன்ன ஆண்டின் டிசம்பரில் அது தென்பட்டது. திரும்பி வந்ததால் அதன் வழி ஆர்பிட் என்று உறுதியானது. சொல் மாறியதற்குப் பின்னால் ஒரு கண்டுபிடிப்பே இருந்தது. நான் நடைக்காக மாற்றி மாற்றிப் போட்டவை இந்தச் சொற்கள்தான்.

சந்திரயான் பயணத்துக்கு வருகிறேன். முதல் சில வாரங்கள் கலம் பூமியைச் சுற்றும் நீள்வட்டத்தில் இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று எஞ்சினை இயக்கி நிலவை நோக்கி அனுப்பினார்கள். அந்தக் கட்டத்துக்குரிய சொல் டிராஜெக்டரி. ஆகஸ்ட் 5 அன்று வேகத்தைக் குறைத்து நிலவைச் சுற்றவைத்தார்கள். குறைக்காமல் விட்டிருந்தால் நிலவின் ஈர்ப்பு அதைப் பிடித்து வைத்திருக்காது. படிப்படியாக இறக்கி, ஆகஸ்ட் 16-ல் 153-க்கு 163 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய வட்டம் என்று சொல்லத்தக்க நிலை அதுதான். அந்த ஓர் இடத்தில் பொருந்தக்கூடிய சொல்லை நான் பயணம் முழுவதற்கும் போட்டிருந்தேன்.

'நிலவின் சுற்றுப்பாதையில் நுழைந்தது' என்றும் எழுதியிருந்தேன். நிலவு பூமியைச் சுற்றிவரும் பாதையா, கலம் நிலவைச் சுற்றும் பாதையா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். 'நிலவு சுற்றும் பாதை', 'நிலவைச் சுற்றும் பாதை' என்று ஓர் ஐகாரத்தில் தமிழ் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. தமிழில் சொல் இல்லை என்று மேடையில் சொன்னவன் தமிழின் வேற்றுமை உருபைக்கூடப் பயன்படுத்தவில்லை.

கோர்ஸ், டிராக் இரண்டையும் குழப்பினேன். கப்பலைச் செலுத்த வேண்டிய திசை கோர்ஸ். காற்றும் நீரோட்டமும் தள்ளியபின் அது உண்மையில் கடந்த வழி டிராக். புயல் வரைபடத்திலும் இப்படி இரண்டு உண்டு: நேற்றுவரை வந்த வழி கண்டறிந்தது, நாளைக்கு உரியது கணிப்பு. இரண்டையும் 'புயலின் பாதை' என்று ஒரே மூச்சில் எழுதினால், கணிப்பை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு, நம் ஊருக்கு வராது என்று ஒரு மீனவர் நம்பிவிடக்கூடும். சொல் தவறினால் உயிர்கூடப் போகலாம்.

நீள்வட்டம், பரவளையம், எறிபொருள், சுற்றுப்பாதை என்று பள்ளிப் பாடநூல்களில் எல்லாச் சொல்லும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களை அவர்களுக்காக எழுதுகிற நான் தேடிப் பார்க்கவில்லை. ஆசிரியைக்கு இப்போது பதில் எழுதிவிட்டேன். அந்த மாணவி கேட்டதுதான் சரி, நான் எழுதியது பிழை என்று அதில் சொல்லியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் திருத்தும்படி பதிப்பாளரிடமும் கேட்டிருக்கிறேன்.

அந்தப் புத்தகம் வைத்திருப்பவர்கள் 'வட்டப்பாதை' வரும் இடங்களில் 'சுற்றுப்பாதை' என்றும், கலம் நிலவுக்குப் போகும் பகுதியில் 'நிலவை நோக்கிய பாதை' என்றும் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க வருகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். பொருள் எங்கிருந்து எங்கே போகிறது, திரும்புகிறதா, எது அதை இழுக்கிறது என்று முதலில் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வரைய முடியாவிட்டால் அந்த வாக்கியம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை. புரியும்வரை எழுதாதீர்கள்.