நாவுக்கு முன்னே விரல்

என் ஊழியத்தில் நான் செய்த ஒரு தவற்றை இம்மாதம் உங்கள் முன் அறிக்கையிட விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மும்பையிலுள்ள எங்கள் சபையில் ஒரு சகோதரி தம் ஆறு வயது மகனை ஜெபத்திற்காக முன்னே அழைத்துவந்தார். பிள்ளைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவன் ஒரு சொல்லும் பேசியதில்லை. நான் அவன் தலைமேல் கைவைத்து, மைக்கைப் பிடித்தபடியே, நாவின் கட்டு அவிழும்படி உரத்த சத்தமாய் ஜெபித்தேன். அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான்.

ஆராதனை முடிந்தபின் அத்தாயிடம், "வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதேனும் உண்டோ, அம்மா?" என்று கேட்டேன். அவர் கைப்பையில் தண்ணீர், சோறு, கழிப்பறை ஆகியவற்றின் படங்கள் ஒட்டிய அட்டைகள் இருந்தன. பிள்ளை தனக்கு வேண்டியதைக் காட்டிக் கேட்பதற்காகப் பயிற்சியாளர் கொடுத்தவை அவை. "அற்புதத்தை எதிர்பார்க்கிறவர்களுக்கு இது எதற்கு?" என்றும் சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. அதன்பின் பல வாரங்கள் சபைக்கு வரவுமில்லை.

அவர்கள் அமரும் இடம் வெறுமையாயிருந்தது என்னை உறுத்தியது. ஆட்டிசத்தைக் குறித்து வாசிக்கத் தொடங்கினேன். 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 3 பேர் பேசாதவர்கள். அதன்பின் நெடுநாள், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணமென்று அறிஞர் சிலர் பழி சுமத்தினார்கள். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, இதில் பிறவிக் கூறுக்குப் பெரும்பங்கு உண்டென்று காட்டினர். உலகத்தார் கைவிட்ட அதே பழியை நான் ஆவிக்குரிய வார்த்தைகளில் ஒரு தாயின்மேல் வைத்திருந்தேன்.

லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கோனி கசாரியின் ஆய்வுகள் என்னை இன்னும் சிந்திக்கவைத்தன. குழந்தை பேசுமுன்னே விரலால் நிலவைக் காட்டி, தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. 'நான் காண்பதை நீயும் காண்கிறாயா?' என்பதே அதன் பொருள். பேச்சு இந்தப் பகிர்வின்மேல் கட்டப்படுகிறது. ஆட்டிசமுள்ள பிள்ளைகள் பலருக்கு இதுவே கடினம். கசாரியின் குழுவினர் 3, 4 வயதுள்ள 58 பிள்ளைகளைத் தெரிந்துகொண்டு, ஒரு பகுதியாருக்கு இப்பகிர்வையும், வேறொரு பகுதியாருக்குப் பாவனை விளையாட்டையும் நாள்தோறும் அரைமணி நேரம், ஐந்தாறு வாரங்கள் கற்பித்தனர். ஓராண்டுக்குப்பின் அவ்விரு பகுதியாருடைய மொழியும் மற்றப் பிள்ளைகளுடையதைவிட மிகுதியாய் வளர்ந்திருந்தது. 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மிகக் குறைவாகவே பேசிய 61 பிள்ளைகளுக்குள், பேசும் கருவியோடு பயிற்சியைத் தொடங்கியவர்களே தாமாக அதிகம் பேச முற்பட்டார்கள். படமும் கருவியும் நாவைக் கட்டுவதில்லை.

மாற்கு ஏழாம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். செவிடனும் திக்குவாயனுமான மனிதனை ஆண்டவர் ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போகிறார். அவன் காதிலே விரல்களை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை நோக்குகிறார். காது கேளாதவனோடு அவர் முதலில் பேசியது சைகையினால். நானோ இறுதியிலுள்ள கட்டளையை மட்டுமே பிரசங்கித்து வந்தேன்.

அச்சகோதரியின் வீட்டிற்குச் சென்றேன். பையன் தரையில் அமர்ந்து ஒரு டிபன் டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். நானும் தரையில் அமர்ந்து வேறொரு மூடியைச் சுழற்றினேன். நெடுநேரத்திற்குப்பின் அவன் என் மூடியைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். மீண்டும் மூடியைப் பார்த்தான். அத்தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் அந்த அட்டைகளைத் திரும்ப எடுக்கலாமா, ஐயா?" என்றார். என் ஒரு வார்த்தைக்காக அவர் அவற்றை அலமாரியில் பூட்டிவைத்திருந்தார். அத்தனை வாரங்களும் அப்பிள்ளை தாகத்தைச் சொல்ல வழியின்றி அழுதிருக்கிறான்.

ஆட்டிசமுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பயிற்சிக்குப் பின்னும் மிகக் குறைவாகவே பேசுகிறார்கள் என்று கசாரியும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹெலன் டேகர்-ஃப்ளஸ்பெர்க்கும் 2013இல் எழுதினார்கள். எங்கள் பையனும் இன்றுவரை பேசவில்லை. ஆயினும் ஒலிபெருக்கிக்குத் தூரமாய்த் தாயோடு அமர்ந்து ஆராதிக்கிறான். தாகமெடுத்தால் அட்டையைக் காட்டுகிறான். அவனுக்காக ஜெபிப்பதை நாங்கள் விடவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டோம்.

அன்பான பெற்றோரே, ஒன்றரை வயதாகியும் பிள்ளை எதையும் சுட்டிக்காட்டாமலும் பேசாமலும் இருந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது அவிசுவாசமன்று. உடன் ஊழியரே, அத்தகைய தாய் உங்களிடம் வரும்போது பாவத்தைத் தேடாதிருங்கள். அப்பிள்ளையின் பக்கத்தில் தரையில் அமருங்கள். உதடுகள் மாத்திரம் அசைந்த அன்னாளின் விண்ணப்பத்தைக் கேட்ட தேவன், சத்தமில்லாத இச்சிறுவரையும் கேட்கிறார். அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.