பாவுக்கு இருபது மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்கால் இருக்கும். காஞ்சிபுரத்தில் கோயிலை ஒட்டிய ஒரு பழைய தெரு. அங்கே புதிதாகத் திறந்திருந்த உணவகத்தில், ஒரகடத்தில் என்னோடு வேலை பார்க்கும் மூன்று நண்பர்களுடன் உட்கார்ந்திருந்தேன். மந்தாரை இலை வாசத்தோடு இட்லி வந்திருந்தது. மிளகும் சீரகமும் சுக்கும் தூக்கலாக இருந்தன. வாட்ச்மேன் உள்ளே வந்து ஒரு வண்டி எண்ணைச் சொன்னார். "யாருதுங்க? கொஞ்சம் எடுக்கணுமாம்." என் எண்தான். "சாப்ட்டு வந்து எடுக்கறேன்னு சொல்லுங்க" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த ஒரு வரிதான்.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். தெருவில் ஆறேழு பேர் ஈரப் பாவைத் தரையில் படாமல் கையில் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒரு முனை கட்டியாகிவிட்டது. மறுமுனைக்கான இடத்தில் என் கார் நின்றது. தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். என் பெரியப்பா.

"நீயா?" என்றார். பிறகு, "வண்டிய எட்றா மொதல்ல."

வேறு எதுவும் சொல்லவில்லை. எடுத்தேன். தெருமுனை வரை பின்னாலேயே ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு வந்தபோது அவர்கள் பாவை இழுத்துக் கட்டி இழைகளைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். கஞ்சி போட்ட பட்டு, விரிக்காமல் சேர்த்துப் பிடித்தபடியே காய ஆரம்பித்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் அறும். ஒட்டியிருந்தது. அறுந்தது. அறுந்த ஒவ்வோர் இழையையும் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். பாவு முதலாளியுடையது. முடிச்சுப் போடும் நேரம் பெரியப்பாவுடையது, அதற்குக் கூலி கிடையாது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. நான் தென்னேரிக்காரன். எங்கள் ஊரில் பெரிய ஏரி உண்டு. இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று இருந்ததுதான் தென்னேரி ஆனது என்பார்கள். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் அவன் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது எங்கள் வகுப்புக்கே மார்பு விரிந்தது. ஏரிக்கு இந்தப் பக்கம் தறிச் சத்தம். அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்துக் குழித்தறியில் உட்கார்ந்தவர்கள். பெரியப்பா கல்யாணத்துக்குப் பிறகு காஞ்சிபுரம் வந்துவிட்டார். சின்ன வயதில் லீவுக்கு வந்தால், விடியற்காலையில் பாவு பிடிக்க என்னையும் எழுப்புவார்கள். கால்சட்டைப் பையில் கடலை மிட்டாய் போட்டுத் தெருவுக்கு அனுப்புவார் பெரியம்மா.

பாவு என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: சேலையின் நீளவாக்கு நூல்தான் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பொதுவாக மூன்று சேலைக்குச் சேர்த்து ஒரு பாவு போடுவார்கள். பல ஆயிரம் இழைகள். அதை முழு நீளத்துக்கும் விரித்து, இழை பிரித்து, அறுந்ததைச் சேர்த்து, அரிசிக் கஞ்சி போட்டு, இளவெயிலில் காயவிட்டுச் சுருட்ட வேண்டும். ஒரு சேலை ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்றுக்கும் சேர்த்தால் இருபது மீட்டர் பக்கம் வரும். அவ்வளவு நீளம் எந்த நெசவாளி வீட்டுக்குள்ளும் கிடையாது. அதனால்தான் தெரு. சேலம் பக்கத்தில் இதற்கென்றே பொது நிலம் விட்டிருந்தார்கள், பாவடி என்று பெயர். பெரியப்பா இருக்கும் இடத்தில் தெருவேதான் பாவடி.

என் கார் நாலு மீட்டருக்குள் அடங்கும். நம் நாட்டில் சின்னக் காருக்கு வரி குறைவு என்பதால் நாலு மீட்டருக்கு ஒரு நூல் குறைவாகவே பல கார்களைச் செய்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு பாவு என்பது ஐந்து கார். நான் அடைத்தது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் பாவுக்கு ஐந்தில் நாலு பங்கு இடம் என்று ஒன்று கிடையாது.

வழக்கமாக ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும் வேலை. அன்று விடியற்காலையில் தூறல் போட்டதால் தள்ளிப்போனது. 'இந்நேரம் முடிஞ்சிருக்கும்' என்று நினைத்துத்தான் நிறுத்தினேன். அதாவது, நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினேன். இன்னொன்றும் உண்டு. பெரியப்பா வீட்டுக்கு எட்டு வீடு தள்ளி வந்து சாப்பிட்டுவிட்டு, அவர்களைப் பார்க்காமலே திரும்புவதாக இருந்தேன். பெரியம்மா வாசலுக்கு வந்து, "சாப்ட்டியாடா?" என்றார். நான் சாப்பிட்டிருந்தேன்.

உணவகத்தைக் குறை சொல்வது சுலபம். பூட்டிக் கிடந்த பழைய வீடு அது. திண்ணை, முற்றம், மரத்தூண்கள். இடித்து அடுக்குமாடி கட்டாமல் ஓடு மாற்றித் தூண்களுக்கு எண்ணெய் பூசியிருக்கிறார்கள். தெருவில் இரண்டு பெண்களுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. ஒருவர் தறியை விட்டுவிட்டுப் போனவர். மாசம் பிறந்தா சம்பளம் என்பது அவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்த வீடு கட்டப்பட்ட காலத்தில் அதற்கு வந்தது மாட்டுவண்டி. இப்போது சனி, ஞாயிறு காலையில் சென்னையிலிருந்து முப்பது கார் வருகிறது. புதுக் கட்டடம் என்றால் தளப்பரப்புக்கு ஏற்ப வண்டி நிறுத்த இடம் விட வேண்டும் என்று விதி கேட்கும். பழைய வீட்டில் அந்த இடத்தை எங்கிருந்து எடுப்பது? முற்றத்தை உடைத்தால்தான் உண்டு. முற்றத்துக்காகத்தான் ஜனம் வருகிறது.

அடுத்த வாரம் தெருவில் கூடிப் பேசினார்கள். மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. படித்தவன் என்பதால் மட்டும் அல்ல, கடன்பட்டவன் என்பதாலும். ஒருவர் ஓட்டலையே மூடச் சொல்லி எழுது என்றார். இன்னொருவர், "ஏன் மூடணும்? என் வீட்டாண்ட டூவீலர் வுடறாங்க, நான் இருவது ரூபா வாங்கறேன்" என்றார். சண்டை வந்தது. சமாதானம் பேச ஓட்டல்காரரும் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர். பொறுமையாகவே கேட்டார்:

"தெரு எல்லாருக்கும் பொதுதாங்க. நாங்க கார் வுட்டா அடைக்கறோம்னு சொல்றீங்க. நீங்க பாவு போட்டாலும் தெரு அடையுதே. ஆம்புலன்ஸ் வந்தா ரெண்டும் ஒண்ணுதானே?"

யாரிடமும் உடனே பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அன்றிரவு பேருந்தில் தென்னேரிக்குத் திரும்பும்போது முழுக்க அதையேதான் யோசித்தேன். பாரம்பரியம், கைத்தொழில், புவிசார் குறியீடு என்று மனுவில் அழகாக எழுதிவிடலாம். ஆனால் அது பதில் இல்லை. பழையது என்பதற்காக ஒருவருக்குப் பொதுத் தெருவில் கூடுதல் உரிமை என்றால், பழைய அநியாயங்கள் பலவற்றுக்கும் அதே வாதம் செல்லும். இந்தத் தெருக்களில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்றுகூட ஒரு காலத்தில் வழக்கம் இருந்ததே.

டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005இல் இலவச வண்டி நிறுத்தத்தின் விலையைப் பற்றியே ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: இலவசமாக நிறுத்தும் இடம் என்று ஒன்று இல்லை. காரோட்டி தராத காசை வேறு யாரோ தருகிறார்கள், வாடகையாக, பொருள் விலையாக, நேரமாக. எங்கள் தெருவில் அந்த யாரோ யார் என்று எனக்குப் பெயரோடு தெரியும். அறுந்த இழைகளை முடிந்தவர். நான் இருநூறு ரூபாய் இட்லிக்குக் கொடுத்தேன். கார் நின்ற இடத்துக்குக் கொடுத்தது பெரியப்பா.

ஓட்டல்காரரின் கேள்விக்கும் இதிலிருந்துதான் ஒரு வழி தெரிந்தது. பாவும் தெருவை அடைக்கிறது, உண்மை. ஆனால் பாவுக்குப் போக வேறு இடம் கிடையாது. காருக்கு உண்டு. பாவைத் தெருமுனைக்கு அப்பால் விட்டுவிட்டு நடந்து வர முடியாது, கார்க்காரர் நடந்து வரலாம். ஆம்புலன்ஸ் வந்தால் ஆறேழு பேர் சேர்ந்து பாவைத் தூக்கி ஓரம் கட்டுவார்கள். ஏனென்றால் பாவு போடும்போது ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காருக்கு ஆள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஆளாக நான் இருந்திருக்கிறேன்.

மனு எழுதும்போது பெரியப்பாவிடம் என்ன கேட்கலாம் என்றேன். அவர் கோயில் பக்கம் கையைக் காட்டினார். "தேருக்கு நெலை இருக்குதில்ல? நெலை எங்கன்னு பாக்காம யாராச்சும் தேர் செய்வானா?" தேர் எங்கே சுற்றினாலும் கடைசியில் நிலைக்கு வந்தாக வேண்டும். வருஷத்தில் ஒரு நாள் ஓடும், மீதி நாளெல்லாம் நிற்கும். அதனால் நிற்கும் இடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். காரும் அப்படித்தானே, ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். ஜப்பானில் 1962இலேயே இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் பெரும்பாலான ஊர்களில் காரைப் பதிவு செய்ய முடியும். நம் ஊரில் தேருக்கு உள்ள சட்டம் காருக்கு இல்லை.

நேரத்தைப் பங்கிடுவதும் புதிதில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. அதனால் அந்தப் பக்கத்துக் கடைகள் ஒன்றும் இழுத்து மூடப்படவில்லை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2019இல் அத்தி வரதர் வந்தபோது ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்றார்கள். வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, அங்கிருந்து சிறிய பஸ் விட்டார்கள். முழங்கால் வலியோடு எத்தனையோ பேர் நடந்து வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சாமிக்காக நடந்த ஜனம் இட்லிக்காகக் கொஞ்சம் நடக்காதா?

மனுவில் மூன்றே விஷயம் எழுதினேன். காலை பத்து வரை தெருவுக்குள் வெளிவண்டி வேண்டாம். ஓட்டல்காரர் நடக்கும் தூரத்தில் ஒரு காலி மனையை வாடகைக்கு எடுத்து, வருகிறவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வீட்டு வாசலில் காசு வாங்கி வண்டி விடுகிறவர்கள் பாவு நேரத்தில் விடக் கூடாது. மூன்றாவதில் கையெழுத்துப் போடச் சிலருக்கு மனமில்லை. கடைசியில் போட்டார்கள்.

ஓட்டல்காரர் மனை பிடித்தார். நானூறு மீட்டர் தூரம். முதல் மாதம் வியாபாரம் குறைந்தது, பிறகு ஒருமாதிரி நிலைக்கு வந்தது என்றார். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து தெருவை அளந்துகொண்டு போனார். பலகை இன்னும் வரவில்லை. அதுவரை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு கயிறும்தான்.

என்னை உறுத்துவது வேறு. இந்தத் தெருவில் முன்பு வாரத்துக்குப் பல பாவு விரியும். இப்போது இரண்டு வந்தால் அதிகம். பெரியப்பாவின் மகன் என்னைப் போலவே தொழிற்சாலைக்குப் போகிறான். இன்னும் பத்து வருஷத்தில் பாவே இல்லாத தெருவில் எதற்கு இந்த மனு என்று ஒருமுறை கேட்டே விட்டேன். பெரியப்பா இழையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னிக்குப் பாவு இருக்குதில்ல" என்றார்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறாவது போகிறேன். வாலாஜாபாத் வழியாக முதல் பஸ். ஒரு முனையைப் பிடிக்க ஆள் குறைவு, அதனால் என் உதவியும் உதவிதான். போன தடவை கயிற்றுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. போய், "அண்ணா, பத்து மணி வரைக்கும் உள்ள வுட மாட்டாங்க, அந்தப் பக்கம் மனை இருக்கு, நானூறு மீட்டர்தான்" என்றேன். "சாப்ட்டு உடனே எடுத்துடுவேன் தம்பி" என்றார். கையில் கஞ்சி ஈரம் இருந்தது. கோபம் வரவில்லை. மனைக்கு வழி சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்தார். நான் என் முனைக்குத் திரும்பினேன்.