பயிற்சி பெற்ற இல்லம்

அல்சூர் ஏரிக்கரையில் வாழும் தமிழருக்குப் படைவீரர் புதியவர் அல்லர். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபோது, அதனைப் பின்தொடர்ந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. 1780-இல் தோன்றிய மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியாளர் படையின் மையம் இன்றும் அவ்வேரியின் அருகில்தான் உள்ளது. அப்படையின் வீரரைத் ‘தம்பி’ என்றழைப்பது நெடுநாள் வழக்கம். 1944-இல் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மீது தம் உடலைக் கிடத்தித் தோழரைக் காத்து உயிர்நீத்துச் ஜார்ஜ் சிலுவை விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் அப்படையைச் சேர்ந்தவரே.

இவற்றையெல்லாம் பெருமையோடு பேசுவது எளிது. நம் வீட்டுப் பிள்ளையே புறப்படும்போதுதான் அப்பெருமையின் விலை தெரிகிறது. என் தங்கையின் மகன் அக்னிவீரனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, காலாட்படையான மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தான். அதன் பயிற்சி மையம் நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ளது. பயிற்சிக் காலம் 31 வாரம். அவன் சென்ற மறுநாளே என் தங்கை நாட்காட்டியில் வாரங்களை எண்ணிக் குறித்துவிட்டாள்.

ஞாயிறு மாலையில் சில நிமிடங்களே பேச வாய்த்தது. “வேளைக்கு உண்கிறாயா? குளிர் தாங்குகிறதா?” என்பாள் தாய். “எல்லாம் நலம், அம்மா” என்பான் மகன். காலில் கொப்புளம் எழுந்து ஆறியதை என்னிடம்தான் சொன்னான். அதுவும் ஆறிய பின்னரே.

அவன் குழுவில் தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடியர் அனைவரும் இருந்தனர். கட்டளைகளோ இந்தியில். அல்சூர்த் தெருவில் விளையாடிக் கற்ற கன்னடம் அங்கே அவனுக்குக் கைகொடுத்தது. ஹாசன் பக்கத்துப் பிள்ளை ஒருவனுக்கும் திருநெல்வேலிப் பிள்ளை ஒருவனுக்கும் இடையே இவனே மொழிபெயர்ப்பாளன் ஆனான். இருமொழிச் சூழலில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது சிறிய மகிழ்ச்சியன்று.

அணிவகுப்பும் உடற்பயிற்சியும் கடந்து, துப்பாக்கி சுடுதலும் தடை தாண்டலும் வந்தன. முதன்முறை சுட்ட செய்தியை அவன் சொன்னபோது தங்கை ஒன்றும் பேசவில்லை. பின்னொரு நாள், சுமையோடு இரவில் நெடுந்தூரம் நடந்ததைப் பற்றி அவன் சொன்னான்: “முன்னே செல்பவனைப் பார்த்து நான் நடக்கிறேன், மாமா. பின்னே வருபவன் என்னைப் பார்த்து நடக்கிறான். ஆகையால் நான் நிற்க முடியாது.” தண்ணீருக்கும் தாயை அழைத்த பிள்ளை அவன்!

இதற்கிடையே உறவினர் எங்களைத் துளைத்த வினா ஒன்று உண்டு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி பணிக்காலம் நான்கு ஆண்டு. முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய் ஊதியம். அதில் நூற்றுக்கு முப்பது பங்கு சேமிப்பு நிதிக்குச் செல்லும். நான்காண்டு முடிவில் நால்வரில் ஒருவருக்கு மேல் நிலைப்பணி கிட்டாது. “அதன்பின் என் செய்வாய்?” என்று மகனைக் கேட்கத் துடித்தார் என் மைத்துனர். தடுத்தவள் என் தங்கையே. “நான்காண்டுக்குப் பின் வரும் சுமையை நாம் பார்த்துக்கொள்வோம். இப்போது அவன் முதுகில் இருப்பது போதும்” என்றாள்.

புறநானூற்றிலே பொன்முடியார், வீரனொருவனை உருவாக்குவதில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனிக் கடமை வகுத்தார். பிள்ளையைப் படைக்கு ஒப்புவித்தபின் இல்லத்தாருக்குள்ள கடமை என்ன என்று எனக்குத் தோன்றியதுண்டு. என் தங்கையின் சொல்லில் அதற்கு விடை கண்டேன். தம் அச்சத்தை அவன்மேல் ஏற்றாது காத்திருத்தலே அக்கடமை.

31-ஆம் வாரத்தின் முடிவில் தாயும் தந்தையும் வெலிங்டன் சென்றனர். அணிவகுத்து நின்று உறுதிமொழி ஏற்ற இளைஞருள் தம் மகன் யாரென்று கண்டுபிடிக்கவே அவர்களுக்குச் சற்று நேரமாயிற்று. எல்லாரும் ஒன்றுபோல் நிமிர்ந்து நின்றனராம். நான்காம் ஆண்டின் விடை இன்னும் தெரியாது. எனினும், வீட்டில் இப்போது அவ்வினா முன்போல் அச்சுறுத்துவதில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளையைப் படைக்கு அனுப்பக் கருதுவோர் இருக்கலாம். அவர்களுக்கு நான் கூறுவது ஒன்றே: பயிற்சி பிள்ளைக்கு மட்டுமன்று, இல்லத்திற்கும் உண்டு. அதற்கு ஆயத்தமாகுங்கள்.