மழையும் மழலையும்

ஐப்பசித் திங்களில் வானம் கறுத்து வரும்போது பெரியோர் ஒரு பக்கம் ஓடுவர். குழந்தைகள் மற்றொரு பக்கம் ஓடுவர். முற்றத்தில் உலர்த்திய நெல்லையும் கொடியில் காயும் துணியையும் வாரிக்கொண்டு பெரியோர் வீட்டுக்குள் விரைவர். குழந்தைகளோ வீட்டுக்குள்ளிருந்து முற்றத்துக்கு விரைவர். முதல் துளி புழுதியில் விழுந்து சிறு குழி பறிப்பதைக் குனிந்து பார்ப்பது அவர்களுக்குப் பெரிய வேலை. கூரை நுனியிலிருந்து வடியும் நீரை உள்ளங்கையில் ஏந்துவது அதைவிடப் பெரிய வேலை. 'உள்ளே வா' என்று தாய் அழைக்கிறாள். அவ்வழைப்பில் நியாயம் உண்டு. சளி பிடித்தால் இரவெல்லாம் விழித்திருப்பவள் அவள்தானே! ஆயினும் அந்தக் குழந்தை வீணே நின்றுகொண்டிருக்கவில்லை. அது பாடம் படித்துக்கொண்டிருக்கிறது.

நான்கு வயதுக் குழந்தைக்கு எழுத்து இன்னும் வசப்படவில்லை. அதற்கு விளையாட்டே நூல், விரல்களே ஆசிரியர். காகிதக் கப்பல் இதற்குச் சான்று. தெருவில் ஓடும் மழைநீரில் கப்பலை விட்ட குழந்தை, அதனுடனே ஓடுகிறது. மேட்டை நோக்கி விட்ட கப்பல் திரும்பி வந்து பள்ளத்தை நாடுவதைக் காண்கிறது. நீர் தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்லும் என்னும் உண்மையை அதற்கு ஒருவரும் சொல்லவில்லை, கப்பல் சொல்லிற்று. செய்தித்தாளில் செய்த கப்பல் சிறிது தொலைவு சென்று நனைந்து அமிழ்கிறது. தடித்த அட்டையில் செய்தது இன்னும் சற்றுத் தொலைவு செல்கிறது. தென்னம்பாளை அமிழ்வதே இல்லை. அன்று மாலைவரை வீட்டிலுள்ள பொருள்கள் எல்லாம் நீரில் இடப்பட்டுத் தேர்வுக்கு உள்ளாகின்றன. தாத்தாவின் மூக்குக்கண்ணாடி தப்பினால் அது நற்பேறே!

மழைக்குக் கப்பல் என்றால் காற்றுக்குக் காற்றாடி. பனையோலையில் ஒடுங்கிய இரண்டு துண்டுகளைக் கிழித்து, குறுக்காக ஒன்றினுள் ஒன்றைக் கோத்து மடித்து, நடுவே கருவேல முள்ளைச் செருகிச் சோளத்தட்டையின் நுனியில் பொருத்தினால் காற்றாடி ஆயிற்று. காசு செலவில்லை. முள் செல்லும் துளை இறுக்கமாக இருந்தால் ஓலை சுழலாது. மிக அகன்றிருந்தால் ஓலை நழுவி விழும். இதனைக் குழந்தை இரண்டு ஓலைகளைக் கெடுத்த பின்னரே அறியும். கெடட்டும்; பனையில் ஓலைக்குப் பஞ்சமில்லை. கடையில் விற்கும் வண்ணக் காற்றாடி கண்ணுக்கு அழகியதுதான். ஆனால் அது சுழலாமல் நின்றுவிட்டால், ஏன் நின்றது என்பது குழந்தைக்கு விளங்காது. தானே செய்தது நின்றால் விளங்கும்.

காற்றாடி எத்திசையை நோக்கும்போது விரைந்து சுழல்கிறதோ அத்திசையிலிருந்து காற்று வருகிறது. தமிழர் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. நான்கையும் ஒரே நாளில் ஒப்புவிக்குமாறு மழலையரை வருத்த வேண்டுவதில்லை. அன்று வீசும் காற்றின் பெயர் ஒன்றைச் சொன்னால் போதும். ஓராண்டு கழிவதற்குள் மற்றவையும் தாமே வந்து சேரும். அம்மியையும் பறக்கச் செய்யும் என்று ஊரார் கூறும் ஆடிக்காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் இடத்தில், முப்பந்தலைச் சுற்றி மின்னாக்கும் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஓலைக் காற்றாடியைப் பிடித்து ஓடிய குழந்தை அவற்றைக் கண்டால் வியப்படையாது. தன் காற்றாடியின் அண்ணன்மார் என்றே எண்ணும்.

குழந்தையைக் கூரைக்குக் கீழே மட்டும் வைத்துக் கற்பித்தல் போதாது என்று அறிஞர் பலர் முன்னரே உணர்ந்தனர். செர்மனி நாட்டுப் பிரோபெல் என்பவர் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் மழலையர்க்கென ஓரிடம் அமைத்தார். 1840ஆம் ஆண்டில் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் பெயரிட்டார். அது வெறும் பெயரன்று. குழந்தைகள் அங்கே பாத்தி கட்டிச் செடி வளர்த்தனர். இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டதால் அவர் திரும்பிச் செல்லக் காலம் ஆயிற்று. 1942 முதல் 1944 வரை கோடைக்கானல் மலையில் வாழ்ந்தார். மேகம் வாயிற்படிவரை வந்து போகும் அவ்வூரைவிட வானிலை கற்க ஏற்ற பள்ளி வேறு எங்கே கிடைக்கும்?

இவ்வளவு அறிந்திருந்தும், பாலர் பள்ளிச் சுவர்கள் பலவற்றில் இன்றும் தொங்கும் படங்களைக் காண்போர் வியப்படைவர். ஆண்டுக்கு நான்கு பருவம் என்று அப்படங்கள் கூறும். ஒன்றில் பனிமனிதன் தொப்பி அணிந்து நிற்பான். ஒன்றில் மரங்கள் செந்நிற இலைகளை உதிர்க்கும். இராமநாதபுரத்துக் குழந்தை அப்பனிமனிதனை எங்கே சென்று காணும்? பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்யும் அக்குழந்தையின் தலைக்கு மேலே, சன்னலுக்கு வெளியே, கொண்டல் காற்றுக் கார்மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். அதனைப் பார்க்கச் சொல்வார் இல்லை. குளிர்நாட்டார் தம் நாட்டுப் பருவங்களைத் தம் மக்களுக்குக் கற்பித்தனர், அது முறையே. அதை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்டியதுதான் முறையன்று. தமிழர் ஓராண்டை இரண்டிரண்டு திங்களாகப் பகுத்து, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவம் கண்டனர். இவற்றுள் ஒவ்வொன்றும் குழந்தை தன் தோலால் உணரக்கூடியது. மார்கழியில் விடியற்காலைக் கோலத்தின்மீது படியும் பனி, சித்திரையில் வெறுங்காலைச் சுடும் மணல், இவற்றுக்குப் படம் வேண்டுமா?

இதைவிட வருந்தத்தக்கது ஒன்று உண்டு. மழையைப் போய்விடுமாறு சொல்லும் ஆங்கிலச் சிறு பாட்டொன்று இந்நாட்டுக் குழந்தைகளின் நாவில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஓயாமல் தூறும் நாட்டில் பிறந்த பாட்டு அது. அங்கே அதற்குப் பொருள் உண்டு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில், மூன்றே திங்களில் பெய்துவிடுகிறது. அம்மூன்று திங்களும் பொய்த்தால் கண்மாய் நிரம்பாது. கண்மாய் நிரம்பாவிட்டால் வயல் விளையாது. தந்தை வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக் கை கூப்பும்போது, மகள் பள்ளியில் மழையைப் போகச் சொல்லிக் கை தட்டுகிறாள். சிரிக்கும் கதிரவன் படத்துக்கு 'நல்ல நாள்' என்றும், மழைப் படத்துக்கு 'கெட்ட நாள்' என்றும் பெயர் சூட்டும் வழக்கமும் இத்தகையதே. உழவர் வீட்டில் பிறந்த குழந்தைக்கு அது பொய் என்று தெரியும். ஆனால் பள்ளி சொல்வதே மெய் என நம்பும் வயது அது.

ஆதலின் நல்லாசிரியை வேறு வழி காண்கிறார். காலையில் பள்ளிக்கு வந்ததும் குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்று வானத்தைக் காட்டுகிறார். கதிர், மேகம், காற்று, மழை என்னும் நான்கு படங்களுள் அன்றைக்கு உரியதை ஒரு குழந்தை தேர்ந்து அட்டையில் மாட்டுகிறது. ஆவணியிலும் புரட்டாசியிலும் மழைப்படம் பல நாள் தொடப்படாமலே கிடக்கும். பின் ஒருநாள் அதனை மாட்டும் முறை எந்தக் குழந்தைக்கு வாய்க்கிறதோ, அக்குழந்தைக்கு அன்று திருவிழா.

மழையை அளக்கவும் மழலையர்க்கு இயலும். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குவளை ஒன்று போதும். அதனை மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் வைக்க வேண்டும். குவளையில் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நீர் நிற்கிறதோ அத்தனை மில்லிமீட்டர் மழை. வாயகன்று அடி குறுகிய பாத்திரம் மிகுத்துக் காட்டும். குடம் போல் வாய் குறுகியது குறைத்துக் காட்டும். குழந்தைக்கு எண் தெரியாதே என்னும் கவலை வேண்டா. குவளையின் ஓரத்தில் நீலக் காகிதப் பட்டை ஒன்றைப் பிடித்து, நீர்மட்டம் வரை வெட்டிச் சுவரில் ஒட்டினால், அதுவே அன்றைய மழை. நாள்தோறும் இவ்வாறு ஒட்டப்பட்ட பட்டைகள் நெட்டையும் குட்டையுமாக வரிசையில் நிற்கும். உயர்நிலைப் பள்ளி மாணவர் கணக்குப் பாடத்தில் வரையும் பட்டை வரைபடம் இதுதான். நான்கு வயதுக் கத்தரிக்கோல் அதனை முன்பே வரைந்துவிட்டது.

இவ்வளவை புதிதன்று. ஒரு முழ அளவு வாயகன்ற கலத்தைக் களஞ்சியத்தின் முன் வைத்து மழையை அளக்குமாறு கௌடில்யரின் அர்த்தசாத்திரம் கூறுகிறது. நம் உழவரோ கலமின்றியே அளந்தனர். மண்ணைத் தோண்டி ஈரம் இறங்கிய ஆழத்தைப் பார்த்து, 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்றனர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழுந்தால் ஒரு லிட்டர் நீர் ஆகும். 50 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். இக்கணக்கு மழலையர்க்கன்று; அவர்களுடைய அக்கைமார்க்கும் அண்ணன்மார்க்கும் உரியது.

குழந்தையின் வானத்தில் அச்சமும் உண்டு. இடி முழங்கினால் தாயின் மடியில் முகம் புதைக்கும் குழந்தையை 'பயப்படாதே' என்று சொல்லித் தேற்ற இயலாது. பெரியோரும் உள்ளூரப் பயந்தே அதனைச் சொல்கின்றனர் என்பதைக் குழந்தை அறியும். அதற்கு ஒரு வேலை கொடுத்தால் அச்சம் தணியும். மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு, மூன்று என மெல்ல எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 நொடி ஆகும். ஒன்பது எண்ணினால் மின்னல் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டிற்று என்பது பொருள். அடுத்த முறை எண்ணிக்கை கூடினால் இடி விலகிச் செல்கிறது. குறைந்தால் நெருங்கி வருகிறது. இந்த எண்ணும் விளையாட்டை வீட்டுக்குள் இருந்தே ஆட வேண்டும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், வயலில் நிற்போரும் வீடு திரும்ப வேண்டும். தனிமரத்தின் அடியில் ஒதுங்குவது பெருந்தவறு; ஆண்டுதோறும் அதனால் உயிர்கள் மடிகின்றன. கப்பல் விடும் வேளை வேறு, எண்ணும் வேளை வேறு என்பதைக் குழந்தைக்குத் தெளிவாகப் பழக்குதல் பெரியோர் கடமை.

மழை ஓய்ந்த பின்னும் விளையாட்டு ஓய்வதில்லை. தேங்கிய நீரைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு வரைந்து வைத்தால், உச்சிப்பொழுதில் நீர் கோட்டை விட்டு உள்ளே சுருங்கியிருக்கும். நீரைக் குடித்தது யார் என்று குழந்தை கேட்கும். சோற்றுப்பானையின் மூடியைத் தூக்கி, அதன் உட்புறத்தில் கோத்து நிற்கும் துளிகளைக் காட்டுவதே தக்க விடை. மாலையில் கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, வாயில் நீரைக் கொப்பளித்துத் தூவினால் ஒரு கணம் வானவில் தோன்றும். இதைக் கற்பிக்க எந்தப் பள்ளியும் வேண்டியதில்லை. கற்ற குழந்தையைத் தடுக்கவும் எவராலும் இயலாது.

இந்தியாவில் 1975ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அமைந்த அங்கன்வாடிகள் சிற்றூர்களிலும் உள்ளன. ஆறு வயது நிரம்பாத சிறார் அங்கே உணவும் விளையாட்டும் பெறுகின்றனர். மாலையில் அவர்களை அழைத்துவரச் செல்வோர் பெரும்பாலும் பள்ளி விட்டு வரும் அக்கைமாரே. வழியெல்லாம் கேள்வி பொழியும். 'மழை பெய்து முடிந்ததும் எங்கே அக்கா போகும்?' என்பது அவற்றுள் ஒன்று.

இதற்குச் சொல்லால் விடை கூறுவதைவிட இரண்டு தட்டுகளால் கூறலாம். ஒன்றில் மணலைப் பரப்பி, மற்றொன்றில் ஓட்டுத் துண்டுகளை இடைவெளியின்றி அடுக்கி, இரண்டிலும் ஒரு குவளை நீரை ஊற்ற வேண்டும். மணல் நீரைக் குடித்துவிடும். ஓட்டின்மேல் ஊற்றிய நீர் தட்டில் வழிந்து தரையில் ஓடும். சென்னை மாநகர் 2015ஆம் ஆண்டு திசம்பரில் வெள்ளத்தில் மிதந்தது. நான்கு ஆண்டுகள்கூட நிரம்பாமல், 2019ஆம் ஆண்டுக் கோடையில் அதே நகரின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்துடன் லாரியை எதிர்பார்த்து நின்றனர். கூரை நீரை நிலத்துள் இறக்கும் அமைப்பு எல்லாக் கட்டடங்களிலும் வேண்டும் என 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் விதி செய்யப்பட்டது. அவ்விதியின் பொருள் முழுவதும் அந்த மணல் தட்டில் அடங்கியிருக்கிறது. குழந்தை அத்தட்டை நெடுநேரம் பார்க்கும். பிறகு மணலில் விரலால் குழி தோண்டி, உள்ளே நீர் இருக்கிறதா என்று தேடத் தொடங்கும்.