தோயவார்க்கத் தோயவார்க்கக் கூடின மணம்

போன மார்கழியில மகள் ரண்டு பெரட்டுகளைக் கூண்டோட கொண்டுவந்து எங்கட ஹோம்புஷ் பிளாட்டுக்குள்ள இறக்கினாள். ஆரோ வளர்த்துக் கைவிட்ட கடுவன்கள். பார்க்கக் கீரிப்பிள்ளை மாதிரித்தான், ஆனால் நீர்நாயின்ர இனம். வெள்ளைக்காரர் முயல் பிடிக்கப் பழக்கின சீவன். குயின்ஸ்லாந்தில வளர்க்கத் தடை, இங்க நியூ சவுத் வேல்ஸில பிரச்சினையில்லை.

மணமெண்டால் அப்பிடியொரு மணம். 1988 மட்டும் ஹோம்புஷ் குடாவில மாடடிக்கிற தொழுவம் இருந்தது, நாத்தம் இந்த ஊருக்குப் புதிசில்லை எண்டு பகிடி விட்டுப் பார்த்தன். மனிசி சிரிக்கேல்லை.

அடுத்த நாளே பேசினுக்குள்ள வைச்சு, ஷாம்பு போட்டுத் தோயவார்த்தன். ரண்டு நாளில முந்தியைவிட மோசம். திரும்பவும் வார்த்தன். கிழமைக்கு மூண்டு தரம். தோல் காய்ஞ்சு, சொறிஞ்சுகொண்டு திரிஞ்சுதுகள்.

மிருக வைத்தியர் தலையில கை வைச்சா. மணம் வாறது ஊத்தையால இல்லையாம், தோலில சுரக்கிற எண்ணெயாலயாம். கழுவக் கழுவத் தோல் காய்ஞ்சு இன்னும் கூடச் சுரக்குமாம். பயந்தால் வாலடியில இருந்து வாற நாத்தம் வேறை, அது கொஞ்ச நேரத்தில போயிடும். நலமடிச்சால் நல்லாக் குறையும். நல்ல இறைச்சிச் சாப்பாடு குடுங்கோ, மலத்தட்டை ஒவ்வொரு நாளும் மாத்துங்கோ, குளிப்பு ரண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் காணும் எண்டா. "முக்கியமா, படுக்கிற துணியைத் தோய்ச்சனீங்களோ?"

தோய்க்கேல்லை.

1997. நான் வந்த புதிசு. ரெயினில பக்கத்தில இருந்த மனிசி ஒண்டும் சொல்லாமல் எழும்பி வேறை சீற்றுக்குப் போனா. அண்டையில இருந்து ஒரு நாளைக்கு மூண்டு தரம் குளிப்பு. கொதிதண்ணி, கடுஞ் சோப்பு. ஊரில கிணத்தடியில சீயாக்காய் வைச்சுத் தோய்ஞ்ச உடம்பு, அந்தக் குளிருக்குள்ள முழங்கை வெடிச்சு ரத்தம் கசிஞ்சுது. அப்ப நாங்கள் நாலு பெடியள் ஒரே அறையில. அதுக்குள்ளயே சமையல். அடுப்புக்கு மேல ஆணியில என்ர ஜக்கெற் தொங்கும். தாளிக்கிற புகையெல்லாம் அதிலதான். இருந்தது அது ஒண்டுதான், தோய்ச்சால் காயுமட்டும் போட வேறையில்லை. அதால தோய்க்கிற எண்ணமே வரேல்லை. உடம்பைத்தான் உரஞ்சினன்.

இப்ப ரண்டும் நலமடிச்சு, மயிர் மினுங்க ஓடித்திரியுதுகள். மெல்லிய மணம் இருக்குத்தான், அது அதுகளின்ர மணம். மனிசி ஒண்டுக்கு முருகன் எண்டு பேரும் வைச்சிட்டா. புதனும் சனியும் துணி தோய்க்கிறது என்ர முறை.