நீல அட்டை நோட்டு

2016 மே 19, வோட்டு எண்ணிய நாள். மத்தியானத்துக்குள் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை சிவந்துவிட்டது. காந்தி பார்க்கைச் சுற்றிக் கொடி கட்டிய பைக்குகள், சாலை பஜார் முனையில் வெடிச்சத்தம். நான் ஏறியிருந்த பஸ் நகர வழியில்லாமல் நின்றது. ஜெயித்தவர் யார், தோற்றவர் யார் என்று பக்கத்து சீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு இரும்பு அலமாரிதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

நான் வக்கீல் குமாஸ்தா. 34 வருஷம் கேஸ் கட்டு சுமந்தவன். 1987, 1991, 1996, 2001, 2006, 2011 என்று கேரளத்தில் ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும், சர்க்கார் வக்கீல் அறையில் அலமாரி திறப்பதையும், ஒருவருடைய சாமான் வெளியேறி இன்னொருவருடைய பெயர்ப்பலகை ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். இது ஏழாவது. முன்பெல்லாம் அது எனக்கு வீடு மாற்றுவதைப் போல ஒரு சாதாரண விஷயம். இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை. அந்த அலமாரிக்குள் பூக்காரம்மாவின் மகனுடைய கேஸ் இருந்தது.

பழவங்காடி கணபதி கோயில் பக்கத்தில் பூ விற்பவர் அந்த அம்மா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். சாலை பஜாரில் சுமை தூக்கிக்கொண்டிருந்த ஒரே மகனை ஒரு ராத்திரி சண்டையில் குத்திவிட்டார்கள். அம்மா எதிரில் நின்றிருந்தார். சம்மன் மலையாளத்தில் வரும். அதைப் படித்துச் சொல்லத்தான் முதலில் என்னிடம் வந்தார். பிறகு தேதிக்குத் தேதி அவரைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலையாகிவிட்டது. எந்தக் கோர்ட் என்பது வேண்டாம். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்.

அப்போதிருந்த சர்க்கார் வக்கீல் நிதானமான மனிதர். சாட்சிகளை முன்கூட்டியே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார். அம்மாவுக்கு வலது காது கேட்காது என்பதை முதல் நாளே கண்டுபிடித்தவர் அவர்தான். நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். அதில் பென்சிலால் எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்: "மூன்றாம் சாட்சி. இடது பக்கம் நின்று, சத்தமாகக் கேட்க வேண்டும்." அதற்கு அடியில் இரண்டு கோடு.

ஜூன் மழையில் ஒரு சாயங்காலம் அவர் அறையைக் காலி செய்தார். சட்டப் புத்தகங்கள் ஒரு அட்டைப்பெட்டியில், குடையும் கோட்டும் கையில். கேஸ் ஃபைல்களை எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நீல நோட்டு பெட்டிக்குள் போனது. ஃபைல் சர்க்காருடையது, நோட்டு அவருடையது. அதை வைத்துவிட்டுப் போகச் சொல்ல எந்தச் சட்டமும் கிடையாது. "வரட்டுமா சுவாமி" என்றார். நானும் தலையாட்டினேன். அந்த இரண்டு வரியையாவது ஒரு சீட்டில் எழுதி வாங்கியிருக்கலாம். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

வெளியிலிருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புரிவது கஷ்டம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாதாடும் அசிஸ்டென்ட் பப்ளிக் பிராசிக்யூட்டர் பி.எஸ்.சி., அதாவது பப்ளிக் சர்வீஸ் கமிஷன், நடத்தும் பரீட்சை எழுதி வந்தவர். எந்தக் கட்சி ஆண்டாலும் அவர் நாற்காலி ஆடாது. ஆனால் கொலைக் கேஸ் நடக்கும் செஷன்ஸ் கோர்ட்டில் சர்க்காருக்காக நிற்பவர் பிராக்டிஸ் செய்யும் வக்கீல்களிலிருந்து வருகிறவர். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி கலெக்டர் செஷன்ஸ் ஜட்ஜைக் கலந்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும், ஏழு வருஷமாவது பிராக்டிஸ் வேண்டும் என்றெல்லாம் இருந்தது. அந்தப் பட்டியலுக்கு முந்தைய பட்டியல் ஒன்று உண்டு. ஆளும் முன்னணியிலுள்ள கட்சிகளுக்கு எத்தனை எத்தனை இடம் என்று பங்கு பேசுவது கோர்ட் வளாகத்தில் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த சங்கதி. இடது, வலது வித்தியாசம் இதில் கிடையாது.

1990-இல் உத்தரப் பிரதேசத்தில் எல்லா மாவட்டத்து சர்க்கார் வக்கீல்களையும் ஒரே சுற்றறிக்கையில் நீக்கினார்கள். அதைத் தன்னிச்சையானது என்று சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. ஸ்ரீலேகா வித்யார்த்தி கேஸ் என்பார்கள். 2016 மார்ச் 30-ஆம் தேதி, எங்கள் தேர்தலுக்கு ஒன்றரை மாதம் முன்பு, பஞ்சாப் கேஸ் ஒன்றில் அதே கோர்ட், சர்க்கார் வக்கீல் நியமனம் சலுகையாக இருக்கக்கூடாது, தகுதி பார்த்து நடக்க வேண்டும் என்றது. எங்கள் வக்கீல் அந்தத் தீர்ப்பை எனக்கு வாசித்துக் காட்டினார். ஜூனில் அலமாரி காலியானது.

சர்க்கார் வேலை யாருக்கு என்கிற சண்டை இந்த ஊருக்குப் புதிதல்ல. கோட்டைக்குள் தெருக்களில் இருக்கும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு அது நன்றாகத் தெரியும். திருவிதாங்கூர் உத்தியோகங்களை வெளியூரார் நிரப்புகிறார்கள் என்று 1891-இல் 10,028 பேர் கையெழுத்திட்டு ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவுக்கு மலையாளி மெமோரியல் கொடுத்தார்கள். வெளியூரார் என்றால் பெரும்பாலும் எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். 1896-இல் டாக்டர் பல்பு 13,176 கையெழுத்தோடு ஈழவர்களுக்காகக் கேட்டதில் அதைவிடப் பெரிய நியாயம் இருந்தது. 1930-களில் உத்தியோகத்திலும் சட்டசபையிலும் பங்கு கேட்டு நிவர்த்தனப் போராட்டம் நடந்து, 1936-இல் டாக்டர் நோக்ஸ் என்பவரைப் பப்ளிக் சர்வீஸ் கமிஷனராகப் போட்டார்கள். நாற்பத்தைந்து வருஷம் மன்றாடி வாங்கிய வழி அது.

அந்த வழியைச் சுற்றிக்கொண்டு போவதும் இதே ஊரில்தான் நடக்கிறது. 2022 நவம்பரில் மாநகராட்சியின் 295 தற்காலிக வேலைகளுக்கு ஆள் பட்டியல் கேட்டுத் தன் கட்சியின் மாவட்டச் செயலாளருக்கு மேயர் எழுதியதாக ஒரு கடிதம் வெளியானது. தான் எழுதவில்லை என்று மேயர் ஆர்யா ராஜேந்திரன் மறுத்தார். மாநகராட்சி வாசலில் கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீரங்கியுமாக ஊரே கலங்கியது. அந்தக் கலக்கத்தைப் பார்த்தபோது நான் நினைத்துக்கொண்டேன்: கோர்ட்டில் இதே காரியம் ஆட்சி மாறும்போதெல்லாம் பகிரங்கமாக நடக்கிறது, ஒரு கல்கூட விழுவதில்லை.

கல் விழுந்தது வேறொன்றுக்கு. 2016 ஜூலையில் கொச்சியில் ஒரு சர்க்கார் வக்கீல் மேல் எழுந்த புகாரைப் பத்திரிகைகள் எழுதப்போய், ஹைகோர்ட்டில் வக்கீல்களும் நிருபர்களும் மோதிக்கொண்டார்கள். மறுநாளே அது வஞ்சியூர் கோர்ட் வளாகத்துக்கும் பரவியது. கல்லும் பாட்டிலும் பறந்தன, நிருபர்களின் அறை பூட்டப்பட்டது. அம்மாவின் தேதியும் அந்த வாரத்தில்தான். எங்கள் கோர்ட்டில் புதிய சர்க்கார் வக்கீலுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. அவதி கொடுத்தார்கள். வாய்தாவை இங்கே அவதி என்பார்கள். அதற்கு அடுத்த தேதியும் அவதி. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு நாள் பூ வியாபாரம் போனது. "இன்னைக்கும் இல்லையா சாமி?" என்று கேட்டுவிட்டு மஞ்சள் பைக்குள் சம்மனை மடித்து வைப்பார்.

ஒருவழியாகப் புதியவர் வந்தார். கெட்டவர் இல்லை. சிவில் கேஸ்களில் பழகியவர், கட்சியில் நல்ல பெயர். விசாரணை நாள் காலையில் வராந்தாவில் அவரைப் பிடித்துக் காது விஷயத்தைச் சொன்னேன். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். "நேற்று சாயங்காலம்தான் ஃபைல் கைக்கு வந்தது சுவாமி" என்றபடியே உள்ளே போய்விட்டார். நான் சொன்னது அவர் மனதில் ஏறவில்லை.

அம்மா கூண்டில் ஏறினார். அவருடைய வலது பக்கம் போய் நின்றார் சர்க்கார் வக்கீல். வெளியே மழை, தலைக்கு மேல் ஃபேன். பெயர், வயது, ஊர் எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, குனிந்தபடி, "வெளிச்சம் உண்டாயிருந்நோ?" என்று கேட்டார்.

அம்மா கூண்டின் கம்பியை இறுக்கிப் பிடித்தார். "இல்லை" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் நான் எழுந்தே விட்டேன். அங்கே வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. இருட்டில் குத்தியவன் முகம் எப்படித் தெரிந்தது என்று பிறகு அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரு சொல்தான் அஸ்திவாரம். சாட்சியை மறுபடி கூப்பிட மனு போட்டார் சர்க்கார் வக்கீல், நான் மத்தியானம் விவரம் சொன்ன பிறகு. அதற்கும் ஒரு அவதி.

அன்று திரும்பும்போது கிழக்கேகோட்டையில் இறங்கினோம். பழவங்காடியில் யாரோ வரிசையாகத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் இல்லை என்று ஏன் சொன்னீர்கள், தெருவிளக்குக்கு நேர் கீழேதானே நின்றீர்கள் என்று அவருடைய இடது பக்கம் போய் நின்று கேட்டேன்.

"விளக்கா?" அம்மா என்னைத் திகைத்துப் பார்த்தார். "உசிரு இருந்துச்சான்னுல்ல சாமி கேட்டாரு. நான் போய் மடியில எடுத்தப்போ இல்லையே."