பழைய பென்ஸா, புது நெக்ஸானா?

பெரியதாழைக்காரர் ஒருத்தர் கேட்டார்: "டாக்டர், கையில பத்து லட்சம் இருக்கு. பழைய பென்ஸ் எடுக்கட்டா, புது நெக்ஸான் எடுக்கட்டா?" அவர் அப்பாவுக்கு வாரம் மூணு நாள் தூத்துக்குடியில டயாலிசிஸ்.

புதுசுன்னேன். முகம் வாடிடுச்சு. கல்யாண வீட்டு வாசல்ல பென்ஸ் நிக்கிற கெத்து எனக்கும் தெரியும்ங்க.

ஆனா பாருங்க, நீங்க பத்து லட்சத்துக்கு வாங்கினாலும் உதிரிபாகம் ஐம்பது லட்சம் கார் விலையிலதான் வரும். வாங்குற காசு கன்சல்டேஷன் ஃபீஸ். பராமரிப்பு சுகர் மாத்திரை மாதிரி, நிறுத்தவே முடியாது.

உப்புக்காத்து வேற. அடித்தகடு, பிரேக் பைப், ஒயர் முனை எல்லாத்தையும் சத்தமில்லாம அரிக்கும். புதுக் காருக்கும் அதே காத்துதான். ஆனா அதுக்குப் பக்கத்துலயே மெக்கானிக் இருப்பார். பென்ஸுக்கு ஒரு சென்சார் வெளியூர்ல இருந்து வர்ற வரைக்கும் டயாலிசிஸ் காத்திருக்குமா?

"பென்ஸ்தான் பாதுகாப்பு"ன்னும் சொன்னார். நெக்ஸான் 2018லயே குளோபல் என்கேப் சோதனையில, பெரியவங்க பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்கிடுச்சு. பழைய காரில் ஏர்பேக் ஏற்கெனவே ஒருதடவை வெடிச்சு, திரும்ப மாட்டாமலே விட்டிருந்தா?

அப்பவும் பழசுதான் வேணும்னா, 2023 டிசம்பர் மழையை நினைச்சுக்கோங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. முங்கின காரும் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. உள்ளே சேத்துக் கறை தெரிஞ்சா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. சாவி திருப்பினதும் ஏர்பேக் விளக்கு எரிஞ்சு, சில நொடியில அணையணும். எரியவே இல்லையா? விளக்கையே கழட்டியிருக்கலாம்.